அதே விமானம், அதே ஏர்கோன் கோளாறு: ஏன் தீரவில்லை?

பந்திங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, அம்மாவைத் திருச்சிக்கு அனுப்பிய அன்று விமானம் ஓடுபாதைப் பக்கம் வரை போய்விட்டு, ஏர்கோன் கோளாறு என்று திரும்பி வந்துவிட்டது. மூன்று மணி நேரம் கழித்து அதே விமானத்திலேயே ஏற்றினார்கள். அம்மா திரும்பி வந்தபோதும் அதே விமானம்தான். கூடப் போன அக்காள் மகன் வால் பக்கம் எழுதியிருக்கும் எண்ணைப் படம் பிடித்து வைத்திருந்தான். மேலே ஏறிய பிறகு மறுபடியும் அதே கோளாறாம், வழக்கத்தைவிடத் தாழ்வாகப் பறந்து வந்தார்களாம். இவ்வளவு பெரிய கம்பெனிக்கு ஒரு ஏர்கோனை ஒழுங்காகச் செய்யத் தெரியாதா? விமானம் பழசா? அம்மாவை இனி அதில் ஏற்றலாமா?"

நான் இந்த வேலையில்தான் இருந்தேன். சுபாங் விமான நிலையத்தில் தொடங்கி, 1998இல் கோலாலம்பூரின் புது விமான நிலையமான கேஎல்ஐஏ திறந்ததும் சிப்பாங்குக்கு மாறி, ஓய்வு பெறும்வரை விமானப் பராமரிப்புதான். எந்தக் கம்பெனி என்று தம்பி சொல்லியிருக்கிறார். அது இங்கே வேண்டாம். இந்தக் கதை எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுதான்.

அம்மாவைத் தாராளமாக ஏற்றலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் "ஏன் திரும்ப வந்தது" என்று தம்பி கேட்டது சரியான கேள்வி. பழசா புதுசா என்பதைவிட அதுதான் முக்கியம். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

விமானத்து ஏர்கோன் வீட்டில் இருப்பது போல கேஸ் அடைத்து ஓடுவது இல்லை. இன்ஜின் உள்ளே இழுக்கிற காற்றை அழுத்தும்போதே அது கொதிக்கிற சூட்டுக்குப் போய்விடும். எரிபொருள் சேரும் இடத்துக்கு முன்பே அந்தக் காற்றில் கொஞ்சத்தைக் குழாய் வழியாகப் பிரித்து எடுப்பார்கள். இதைப் பிளீட் ஏர் என்போம். இறக்கைக்கும் வயிற்றுப் பகுதிக்கும் சேருமிடத்தில் 'பேக்' என்று இரண்டு இயந்திரங்கள் உண்டு. அந்தச் சூட்டுக் காற்றைக் குளிராக்கிக் கேபினுக்கு அனுப்புவது அவைதான். நாம் மூச்சு விடுவதும், 35,000 அடி உயரத்தில் காது அடைக்காமல் உட்கார்ந்திருப்பதும், இறக்கையில் பனி படியாமல் இருப்பதும் எல்லாம் இந்த ஒரே காற்றால்தான். ஆகவே விமானத்தில் "ஏர்கோன் கோளாறு" என்று அறிவித்தால் அது வேர்வை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமில்லை. கேபின் அழுத்தமும் அதில் அடக்கம்.

நம் வட்டாரத்தில் அதிகம் பறக்கிற ஏ320 ரகத்தை எடுத்துக்கொள்வோம். இன்ஜினிலிருந்து வரும் காற்றை ஒரு ரேடியேட்டர் சுமார் 200 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். அதைக் குளிரவைக்க இன்ஜினின் முன் விசிறிக் காற்றைத் திறந்துவிடும் வால்வு ஒன்று இருக்கிறது. அந்த வால்வை எவ்வளவு திறப்பது என்று தீர்மானிப்பது ஒரு தெர்மோஸ்டாட். இரண்டுக்கும் நடுவே விரல் பருமன்கூட இல்லாத ஒரு குழாய். சூடு 257 டிகிரியைத் தாண்டி 55 விநாடி நீடித்தால் கம்ப்யூட்டர் அந்தப் பக்கத்துப் பிளீட்டைத் தானே மூடிவிடும். விமானியின் திரையில் செய்தி வரும்.

பிரச்சினையே இந்த இடத்தில்தான். திரையில் வரும் செய்தி "சூடு அதிகம், மூடிவிட்டேன்" என்று மட்டும்தான் சொல்லும். தெர்மோஸ்டாட்டின் சின்ன ஃபில்டர் அடைத்திருக்கலாம். அந்த மெல்லிய குழாயில் மயிரிழை விரிசல் இருக்கலாம், அல்லது அதன் நட் கால் திருகு லூசாக இருக்கலாம். வால்வின் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கலாம், ரேடியேட்டரே அழுக்கேறி இருக்கலாம், சென்சர் தப்பாகப் படிக்கலாம். ஆறு காரணத்துக்கும் வருவது ஒரே செய்தி. இரவு இரண்டு மணிக்கு, காலை ஆறு மணிக்குப் புறப்பட வேண்டிய விமானத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பதும் ஸ்டோரில் கையிருப்பு உள்ளதும் வால்வு. அதை மாற்றுவார்கள். பிறகு சோதிக்க வேண்டும். தரையில் இன்ஜினை ஐடலில் ஓட்டிப் பார்த்தால் காற்று அவ்வளவு சூடேறாது. முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க இரவில் எல்லா இடத்திலும் அனுமதி கிடையாது. எல்லாம் சரியாக ஓடும். "வால்வு மாற்றப்பட்டது, சோதித்ததில் கோளாறு இல்லை" என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அதில் பொய் எதுவும் கிடையாது. மறுநாள் மதியம், 180 பேரை ஏற்றிக்கொண்டு 34 டிகிரி வெயிலில் முழு உந்துவிசையில் ஏறும்போதுதான் கோளாறு மறுபடி முகம் காட்டும்.

தோட்டத்து லோரியில் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கிறது என்று மூன்று பேட்டரி மாற்றிவிட்டு, கடைசியில் துருப்பிடித்த எர்த் ஒயரைக் கண்டுபிடிக்கிற கதைதான் இது. திரும்பி வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை கெட்ட பார்ட்டால் வருவதில்லை. மாற்றிய பார்ட் நல்லதாகவே இருக்கும். மாற்றாமல் விட்ட ஒன்றில்தான் காரணம் உட்கார்ந்திருக்கும்.

அம்மாவின் விமானம் தாழ்வாக வந்ததற்கு வருகிறேன். ஒரு பக்கத்துப் பிளீட் மூடிவிட்டால் இன்னொரு இன்ஜின் இரண்டு பக்கத்துச் சுமையையும் எடுக்கும். அந்தப் பக்கமும் ஏற்கெனவே அரைகுறையாக இருந்தால் அதுவும் சூடேறி மூடிக்கொள்ளலாம். இரண்டும் போனால் கேபினுக்குள் காற்று ஏறாது, விமானம் 10,000 அடி வரை இறங்க வேண்டிவரும். ஏ320களில் இப்படி நடந்திருக்கிறது. ஏர்பஸ் அதற்காகப் பாகங்களையும் நடைமுறைகளையும் மாற்றியது. அதனால்தான் ஒரு பக்கம் போனாலே உயரத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். இறங்க வேண்டி வந்தாலும் தூரம் குறைவாக இருக்கும், நேரம் மிஞ்சும். அன்று விமானி செய்தது சரியான காரியம்.

காரணம் கண்டுபிடிக்கக் கஷ்டமாக இருப்பதற்கு இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு.

ஒன்று, கம்ப்யூட்டர் பெட்டிகள். கோளாறு காட்டுகிற பெட்டியைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பினால், அங்கே மேசையில் வைத்துச் சோதித்து "கோளாறு இல்லை" என்று சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். அது வேறு ஒரு விமானத்தில் ஏறும். அங்கேயும் மூன்று வாரத்தில் அதே புகார். மேசையில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, குளிரிலும் அதிர்விலும் மட்டும் கெட்டுப்போகிற பெட்டி அது. 'ரோக் யூனிட்' என்போம். விமான எண்ணை வைத்துத் தேடினால் இதைப் பிடிக்க முடியாது, பெட்டியின் சீரியல் எண்ணைத் தொடர வேண்டும். ஸ்டோர் கிராணி கெட்டிக்காரராக இருந்தால் இன்ஜினியருக்கு முன்னால் அவரே கண்டுபிடித்துவிடுவார்.

இரண்டு, ஈரம். மேலே வெளியே மைனஸ் 50 டிகிரி. கீழே இறங்கியதும் நம் ஊர்ப் புழுக்கம். குளிர்ந்துபோன உலோகத்தில் தண்ணீர் முத்து முத்தாகப் பிடிக்கும். ஒரு நாளைக்கு ஆறு முறை ஏறி இறங்கினால் ஆறு முறையும் இதே நடக்கும். கனெக்டர் பின்களில் பச்சை பூக்கும். சமையல் பகுதிக்கும் கழிவறைக்கும் கீழே இருக்கிற ஒயர்களுக்கு இதோடு சிந்திய காப்பியும் தேநீரும் வேறு. சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2008 ஜனவரியில் பேங்காக்கை நெருங்கிக்கொண்டிருந்த குவாண்டாஸ் 747 ஒன்றில், சமையல் பகுதியின் வடிகால் நிரம்பி வழிந்த தண்ணீர் கீழே மின்சாரக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் இறங்கி, ஜெனரேட்டர்கள் செயலிழந்தன. முக்கியக் கருவிகளைப் பேட்டரியில் ஓட்டித்தான் வந்து இறங்கினார்கள். ஒயர் தேடுவது பொறுமையான வேலை. பேனலைக் கழற்றி, விளக்கைப் பிடித்து, ஒவ்வொரு கனெக்டராகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு விமானம் ஒரு நாளாவது ஹேங்கரில் நிற்க வேண்டும். மலிவு விலை விமானமோ தரையில் நிற்பது 25, 30 நிமிடம்.

இங்கேதான் தம்பி போன்றவர்கள் கோபப்படுகிற இன்னொரு விஷயம் வருகிறது: கோளாறு இருக்கிறது என்று தெரிந்தே பறக்கவிடுவார்களா? விடுவார்கள், சட்டப்படியே. ஒவ்வொரு விமான ரகத்துக்கும் 'மெல்' என்று ஒரு பட்டியல் உண்டு. எது எது வேலை செய்யாவிட்டாலும், என்ன நிபந்தனையோடு, எத்தனை நாள் பறக்கலாம் என்று அதில் இருக்கும். தயாரிப்பாளரின் மூலப் பட்டியலை வைத்துக் கம்பெனி எழுதி, நம் நாட்டில் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் ஒப்புதல் தர வேண்டும். பி வகை என்றால் 3 நாள், சி வகை என்றால் 10 நாள், டி வகை என்றால் 120 நாள். கண்டுபிடித்த நாள் கணக்கில் வராது. ஏ வகைக்கு அந்தந்த இடத்திலேயே கெடு எழுதியிருக்கும். ஒரு பேக் வேலை செய்யாவிட்டாலும் உயரக் கட்டுப்பாட்டோடு பறக்கலாம் என்பது இப்படிப்பட்ட ஒரு வரிதான். எனக்கு இந்தப் பட்டியலோடு எந்தச் சண்டையும் இல்லை. ஒன்று போனால் இன்னொன்று தாங்கும்படி கட்டிய விமானத்துக்கு அது நியாயமான ஏற்பாடு.

ஆனால் அதில் ஒரு ஓட்டை உண்டு. பத்தாவது நாள் இரவு ரீசெட் செய்து, சோதித்து, "சரியாகிவிட்டது" என்று எழுதி மூடினால் கெடு முடிந்தது. மூன்றாம் நாள் திரும்ப வந்தால் அது புதுக் கோளாறு, புதுப் பத்து நாள். எழுதியவர் வேறு, மூடியவர் வேறு, மறுபடி திறந்தவர் இன்னொருவர், ஊரும் வேறு. ஒவ்வொரு பக்கத்தையும் தனியாகப் பார்த்தால் குற்றம் சொல்ல ஒன்றும் இருக்காது. பக்கங்களைச் சேர்த்துப் பார்க்க ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. நல்ல கம்பெனிகளில் இதற்கென்றே ஒரு மேசை உண்டு. குறிப்பிட்ட நாட்களுக்குள் ஒரே கோளாறு மூன்றாவது முறை வந்தால் அது 'ரிப்பீட்' என்று சிவப்பாகிவிடும். அதன் பிறகு லைனில், அதாவது விமானம் வந்து நிற்கும் இடத்தில், பழுது பார்ப்பவர் ரீசெட் செய்து அனுப்ப முடியாது. பழைய பதிவுகளை எல்லாம் வைத்து, இதுவரை என்ன மாற்றினோம், எதை மாற்றவில்லை என்று உட்கார்ந்து யோசித்தாக வேண்டும்.

அந்த மேசை சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2014 டிசம்பர் 28, சுராபாயாவிலிருந்து சிங்கப்பூர் வந்துகொண்டிருந்த இந்தோனேசியா ஏர்ஏசியா கியூஇசட்8501 கடலில் விழுந்தது. 162 பேர் இறந்துபோனார்கள். புயல் மேகம் என்றுதான் முதலில் எல்லோரும் பேசினோம். இந்தோனேசிய விசாரணைக் குழுவின் அறிக்கை மறு ஆண்டு வந்தபோது கதை வேறாக இருந்தது. சுக்கான் எவ்வளவு திரும்பலாம் என்று கட்டுப்படுத்தும் கருவியின் மின்சுற்றுப் பலகையில், ஈயம் வைத்த ஒரு இணைப்பில் விரிசல். குளிர்ந்தும் சூடாகியும் வந்த விரிசல், சில நேரம் தொடும், சில நேரம் விடும். அந்த ஒரே வருடத்தில் 23 முறை இதே கோளாறு பதிவாகியிருந்தது, கடைசி மாதங்களில் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு முறையும் ரீசெட், சோதனை, கையெழுத்து.

அந்தக் கோளாறு தனியாக விமானத்தை விழவைக்கும் வகையே இல்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். அன்று பறக்கும்போது அது நான்கு முறை எச்சரிக்கை தந்தது. நான்காவது முறைக்குப் பிறகு, பறக்கும்போது செய்யக்கூடாத விதமாகக் கம்ப்யூட்டர்களின் சர்க்யூட் பிரேக்கர் இழுக்கப்பட்டது. மூன்று நாள் முன்பு தரையில் ஓர் இன்ஜினியர் அப்படிச் செய்ததை அதே கேப்டன் பார்த்திருந்தார். பிரேக்கர் போனதும் தானியங்கி ஓட்டம் விட்டுப்போனது, விமானம் சாய்ந்தது, அதை மீட்கப் போய் மேலே ஏற்றி ஸ்டாலில், அதாவது இறக்கை தூக்கும் விசையை இழந்த நிலையில், விழுந்தது. திரும்பத் திரும்ப வருகிற சின்னக் கோளாறு மனிதர்களைப் பழக்கிவிடுகிறது. சலிப்பில் குறுக்கு வழி தேட வைக்கிறது. என் அனுபவத்தில் ஆபத்து அந்தப் பழக்கத்தில்தான் அதிகம்.

2018 அக்டோபர் 29இல் ஜக்கார்த்தாவிலிருந்து கிளம்பிக் கடலில் விழுந்த லயன் ஏர் ஜேடி610இல் 189 பேர் இறந்தார்கள். அதற்கு முதல் காரணம் போயிங் வடிவமைத்த மென்பொருள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பராமரிப்புக் கதையும் உண்டு. சில நாட்களாகவே வேகம், உயரம் காட்டுவதில் கோளாறு வந்து, முந்தைய நாள் பாலியில், விமானம் காற்றை எதிர்கொள்ளும் கோணத்தை அளக்கிற சென்சரை மாற்றினார்கள். மாற்றிய சென்சர் வேறொரு பட்டறையில் பழுதுபார்க்கப்பட்டு வந்தது, 21 டிகிரி தப்பாகக் காட்டியது. அன்றிரவு ஜக்கார்த்தா வந்த விமானிகள் படாத பாடு பட்டு இறக்கினார்கள். பதிவேட்டில் எழுதியதோ சில சொற்கள். விமானியின் கட்டுப்பாட்டுக் கைப்பிடி எச்சரிக்கையாக வழியெல்லாம் அதிர்ந்துகொண்டே வந்தது என்று எழுதவில்லை. காலையில் பார்த்த இன்ஜினியருக்கு எழுதியிருந்தது மட்டும்தானே தெரியும்!

விமானம் பழசா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. லயன் ஏர் விமானம் கம்பெனிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. சுராபாயா விமானத்துக்கு ஆறு வயதுதான். ஒழுங்காகப் பராமரித்த இருபது வயது விமானத்தில் நான் என் குடும்பத்தை ஏற்றியிருக்கிறேன். வயதானால் துருவும் ஒயர் தேய்மானமும் கூடும், செலவு கூடும். அதற்காகத்தான் சி செக், அதைவிடப் பெரிய செக் என்று பிரித்துப்போட்டுப் பார்ப்பது.

திரும்பி வருகிற கோளாறு எல்லாமே பெரிய விபத்தின் முன்னறிவிப்பு என்றும் நினைத்துவிட வேண்டாம். 2024 ஜனவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தில் பயன்படுத்தாத கதவு இடத்தை மூடியிருந்த அடைப்பு பிய்த்துக்கொண்டு போனதே, அதில் முன்பே மூன்று முறை அழுத்த எச்சரிக்கை விளக்கு எரிந்திருந்தது. எல்லோரும் "பார்த்தீர்களா" என்றார்கள். கடைசியில் விளக்குக்கும் கதவுக்கும் சம்பந்தமில்லை, தொழிற்சாலையில் நான்கு போல்ட் மாட்டவே இல்லை என்று தெரிந்தது.

நம் நாட்டு நிலைமையையும் ஒரு வரி சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்டில், தொடர்ந்து வந்த தொழில்நுட்பக் கோளாறுகளுக்குப் பிறகு, மலேசியா ஏர்லைன்ஸின் இயக்கச் சான்றிதழை மூன்று வருடத்திலிருந்து ஒரு வருடமாக ஆணையம் குறைத்தது. அனுபவமுள்ள ஆட்கள் குறைவு, பார்ட் தட்டுப்பாடு என்று அப்போது வெளிப்படையாகவே பேசினார்கள். கோவிட் காலத்தில் ஹேங்கரை விட்டுப் போனவர்கள் எல்லோரும் திரும்பவில்லை. சிங்கப்பூரும் வளைகுடாவும் கொடுக்கிற சம்பளத்துக்கு இங்கே ஈடு இல்லை. பார்ட் வராவிட்டால் நிற்கிற இன்னொரு விமானத்திலிருந்து கழற்றி மாட்டுவார்கள். சட்டப்படி சரிதான், ஆனால் ஒரு வேலைக்குப் பதில் இரண்டு விமானத்தைக் கலைத்த மாதிரி. பழைய கோளாறுகளை ஞாபகத்தில் வைத்திருக்கிற மூத்தவர் போய்விட்டால், "இந்த விமானமா, இடது பக்கக் குழாயைப் பாரு" என்று சொல்ல ஆள் இருக்காது. பக்கத்திலேயே டெங்கிலில் விமானப் பராமரிப்புப் படிக்க யூனிகேஎல் மியாட் கல்லூரி இருக்கிறது. பந்திங், ஜெஞ்சாரோம், கேரி தீவுப் பக்கத்துப் பிள்ளைகள் இன்னும் நிறையப் பேர் போகலாம். இது கேட்காத கேள்விக்குப் பதில், விடுங்கள்.

சரி, தம்பி என்ன செய்யலாம்? அக்காள் மகன் எடுத்த படம் இருக்கிறதே, 9எம் என்று தொடங்கும் அந்தப் பதிவு எண், இரண்டு தேதிகள், விமானிகள் அறிவித்த காரணம். இவற்றை எழுதிக் கம்பெனிக்கு அனுப்புங்கள். "ஒரே விமானத்தில் ஒரே கோளாறு இரண்டு முறை வந்தது, பராமரிப்புப் பிரிவுக்குத் தெரியப்படுத்துங்கள்" என்று கேளுங்கள். கோபமாக எழுதினால் வாடிக்கையாளர் பிரிவோடு நின்றுவிடும். தேதியும் எண்ணும் இருந்தால் உள்ளே போக வாய்ப்பு அதிகம்.

அம்மாவுக்கு: விமானம் தரையில் நிற்கும்போது புழுக்கமாக இருப்பது எப்போதும் கோளாறு இல்லை. இன்ஜின் ஓடாதபோது வாலில் இருக்கும் சின்ன இன்ஜின்தான் காற்றுத் தருகிறது, மத்தியான வெயிலில் அது திணறும். கூரை ஓரத்திலிருந்து வெள்ளையாக இறங்குவது புகை இல்லை, ஈரக்காற்று சட்டென்று குளிர்ந்து உண்டாகிற மூட்டம், வாடை இருக்காது. வாடையோ கண்ணெரிச்சலோ இருந்தால் மட்டும் பணியாளரிடம் உடனே சொல்லச் சொல்லுங்கள். மருந்தைக் கைப்பையிலேயே வைக்கட்டும்.

அப்புறம், தாமதத்துக்கு உரிமை உண்டு. மலேசியப் பயணிகள் பாதுகாப்பு விதிப்படி 2 மணி நேரம் தாமதமானாலே சாப்பாடு தர வேண்டும். 5 மணி நேரத்துக்கு மேல் போய் இரவு தங்க நேர்ந்தால் ஹோட்டலும் போக்குவரத்தும் கம்பெனி செலவு. 2024 செப்டம்பர் முதல், 5 மணி நேரம் தாமதமானால் பயணத்தை விட்டுவிட்டு டிக்கெட் பணத்தை முழுசாகக் கேட்கலாம். 30 நாளுக்குள், எப்படிக் கட்டினீர்களோ அதே வழியில் திரும்ப வர வேண்டும், வவுச்சர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முதலில் கம்பெனிக்கு எழுத வேண்டும். அவர்கள் தீர்க்காவிட்டால் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்குப் போகலாம். முன்பு மாவ்கொம் என்ற வேறோர் அமைப்பு பார்த்த இந்த வேலையை 2025 ஆகஸ்ட் முதல் இந்த ஆணையம்தான் பார்க்கிறது. அம்மாவின் மூன்று மணி நேரத்துக்கு ஹோட்டல் கிடையாது, சாப்பாடு கொடுத்தார்களா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். கொடுக்கவில்லை என்றால் அதையும் அந்தக் கடிதத்திலேயே சேர்த்து எழுதிவிடுங்கள்.